ஸ்ரெல்லா மிஸ்ஸி மேடம் ஆனது

ஸ்ரெல்லாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஆசுபத்திரியில் சொல்வார்கள். முழுப் பொய். அவளுடைய கோபம் எங்கேயோ அடியில் கிடந்து, வருசக்கணக்காக ஊறித்தான் மேலே வரும். அப்படி வந்த கோபம் ஒன்றுதான் குருநகர்க் கடற்றொழில் குடும்பத்துப் பெண்ணை, மிஸ்ஸி என்று கூப்பிடப்பட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்த தாதியை, ஒரு ஆசுபத்திரியின் நிர்வாகி ஆக்கியது. ஆக்கிய கையோடு, அவளுக்கென்று இருந்த ஒரேயொரு சிநேகிதியையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

அந்தச் சிநேகிதி இணுவில் பாலேஸ்வரி. இருவரும் கொழும்பில் ஒரே தனியார் ஆசுபத்திரியில் வேலை பார்த்தவர்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த சீலையோடு அகதி முகாமுக்கு ஓடி, அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். பாலேஸ்வரியின் வீட்டில் குருநகர் ஆட்கள் வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கென்றே வேறொரு பேணி வைத்திருப்பார்கள். அது ஸ்ரெல்லாவுக்கும் தெரியும். கப்பல் தட்டில் வெயில் மண்டையைப் பிளக்க, ஸ்ரெல்லா வாய் வைத்துக் குடித்த பேணியைப் பாலேஸ்வரி வாங்கி மிச்சத்தைக் குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "உதை எங்கடை அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை" என்றாள். அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பைப் பார்த்து, வீடு வாசலை இழந்து இருந்த மற்றவர்கள் இதுகளுக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள்.

ஊருக்கு வந்ததும் கொக்குவிலில், ரெயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு தருமச் சபை நடத்திய சிறிய ஆசுபத்திரியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. மத்தியானத்தில் தாதிமார் எல்லோரும் கொண்டுவந்த சோறு கறிகளைப் பெரிய சட்டியில் கொட்டிக் குழையல் போடுவார்கள். பிசைவது எப்போதும் பாலேஸ்வரி. சுற்றி நிற்பவர்களின் உள்ளங்கையில் ஒவ்வொரு உருண்டையாக வைப்பாள். வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் ஸ்ரெல்லா வீட்டு மீன்குழம்பும் அந்தச் சட்டிக்குள் விழும். இணுவில் வீட்டுக் கத்தரிக்காயும் குருநகர் மீனும் ஒன்றாகிக் கையில் வந்து விழுகிறபோது சாதியாவது சமயமாவது. பசிதான் இருந்தது.

கோபம் வந்த கதைக்கு வருவோம். எண்பத்து நான்கில் தொண்டைமானாற்றிலிருந்து கதிரவேலு என்ற மனிதரை அவருடைய மனைவி சின்னத்தங்கம் கூட்டிவந்தார். குடலிறக்கம். சின்ன ஒப்பரேசன், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெட்டுகிற அன்றைக்குக் கிருமி நீக்கிய துணி இல்லை. அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். அடுத்த கிழமையும் துணி இல்லை. மூன்றாம் முறை அவர் வந்தபோது குடல் கறுத்துவிட்டது. டொக்டர் வேர்க்க வேர்க்க நின்று பார்த்தார், ஆள் தப்பவில்லை.

சின்னத்தங்கம் கத்தவில்லை, குழறவில்லை. ஸ்ரெல்லாவின் கையைப் பிடித்து ஒன்றுதான் கேட்டார். "போன கிழமை செய்திருந்தால் ஆள் இருந்திருக்கும், என்ன மிஸ்ஸி?"

ஸ்ரெல்லா எங்கே பிழை என்று தேடினாள். டொக்டரில் பிழை இல்லை. தாதியில் பிழை இல்லை. ஆசுபத்திரி முழுவதன் துணியும் ஒரே நாளில் சலவைக்குப் போய் ஒரே நாளில் வருகிற ஒழுங்கில்தான் பிழை. மழை பெய்து அந்த ஒரு நாள் தவறினால் அந்தக் கிழமை ஒப்பரேசன் இல்லை. துணியைப் பங்கு பிரித்துத் தினமும் கொஞ்சமாகத் தோய்த்து அவித்தால் காரியம் முடிந்தது. இதை அவள் நிர்வாகி கனகரத்தினத்திடம் போய்ச் சொன்னாள். அவர் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறி வந்தவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, உங்களுக்கு ஊசியும் பஞ்சும் இருக்கு. நிர்வாகத்தை எங்களிட்டை விடுங்கோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் கூடச் சுட்டது.

அந்த வருசமே ஸ்ரெல்லா வெளிவாரியாக வணிகமாணிப் பட்டத்துக்குப் பதிந்தாள். முப்பது வயது தாண்டிய தாதி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பெடியளுக்கு நடுவில் வகுப்பு வாங்கில் குந்தியிருந்து கணக்கியலும் முகாமைத்துவமும் படித்தாள். ரியூற்றரி வகுப்புகள் பின்னேரத்தில். அவளுக்கோ பாதி நாட்கள் பின்னேர டியூட்டி. அந்த டியூட்டி எல்லாவற்றையும் ஐந்து வருசமாகத் தன் தலையில் போட்டுக்கொண்டவள் பாலேஸ்வரி. வீட்டில் புருசன் நமசிவாயமும் இரண்டு பெண்பிள்ளைகளும் காத்திருக்க, இவள் சிநேகிதிக்காக வாட்டில் நின்றாள். சும்மா சொல்லக்கூடாது, உடன்பிறந்தாள்கூட அப்படிச் செய்யமாட்டாள்.

"உதைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறாய்?" என்று பாலேஸ்வரி கேட்பாள்.

"கனகரத்தினத்தின்ரை கதிரையிலை இருக்கப்போறன்."

"இருந்திட்டு?"

"துணியைத் தினமும் தோய்ப்பிக்கப்போறன்."

"அடி விசரி, துணி தோய்க்கிறதுக்கோ பட்டம் எடுக்கிறாய்?" என்று பாலேஸ்வரி தலையில் கை வைப்பாள். பிறகு, "எடு, எடு. அரைவாசிப் பட்டம் என்ரை, அதை மறந்துபோடாதை" என்பாள்.

எண்பத்தேழு ஐப்பசியில் சண்டை வந்து பரீட்சை மண்டபமே அகதி முகாம் ஆனது. பரீட்சை தள்ளிப்போய், மறுபடியும் தள்ளிப்போய், எப்படியோ நடந்து முடிந்து, தொண்ணூறின் தொடக்கத்தில் பெறுபேறு வந்தது. சித்தியடைந்துவிட்டாள். தாயார் லூர்த்தம்மா தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். பாலேஸ்வரி இணுவில் கந்தசாமி கோயிலில் அருச்சனை செய்து, திருநீற்றைக் கொண்டுவந்து வேதக்காரியின் நெற்றியில் பூசிவிட்டாள்.

அந்த ஆனியில் மறுபடியும் சண்டை தொடங்கியது. ரெயில் நின்றது, கரண்ட் நின்றது, கனகரத்தினம் மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஸ்ரெல்லா விண்ணப்பித்தாள். சபை கூடியது. தலைவர் பஞ்சலிங்கம் பெரிய கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர். "நேர்ஸ் ஒராள் நிர்வாகியாய் இருந்த வழக்கம் இஞ்சை இல்லைப் பிள்ளை" என்று மெல்ல இழுத்தார்.

"ஐயா, இந்த ஆசுபத்திரியின்ரை கழுத்து சலவை அறை," என்றாள் ஸ்ரெல்லா. "அங்கை நெரிச்சால் ஒப்பரேசன் தியேட்டர் நெரியும், தியேட்டர் நெரிஞ்சால் வாட்டு நெரியும். கட்டிலைக் கூட்டி, டொக்டரைக் கூட்டிப் பிரயோசனம் இல்லை. எங்கை நெரியுதோ அங்கை முதல் கையை வைக்கவேணும்." உற்பத்தி முகாமைத்துவத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பெயரையும் சொன்னாள். சபையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆறு வருசத்துக்கு முன் இதே வாய் இதே கதையைச் சொன்னது. கேட்க நாதி இருக்கவில்லை. இப்போது பெயருக்குப் பின்னால் வணிகமாணி என்று நிற்கிறது, அதனால் காது கேட்டது. வயிற்றெரிச்சலாக இல்லையா? அவளுக்கும் இருந்தது. ஆனாலும் வேலையை வாங்கிக்கொண்டாள்.

வாங்கின வேலையைச் செய்தும் காட்டினாள். துணி தினமும் தோய்ந்தது. மழைக்கு ஒதுக்கமாகக் கொட்டில் ஒன்று போட்டு, விறகு அடுப்பில் அவித்து எடுத்தார்கள். துணி இல்லை என்று ஒருவரையும் திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்த வருசத்தோடு ஒழிந்தது. படிப்பு வீண்போகவில்லை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் மத்தியானம் என்று ஒன்று வருமே. நிர்வாகி ஆன முதல் நாள் அவள் சாப்பாட்டுப் பெட்டியோடு வழக்கம்போலத் தாதிமார் அறைக்குப் போனாள். எல்லோரும் எழும்பி நின்றார்கள். கதை பட்டென்று நின்றது. குழையல் சட்டியைச் சுற்றி இடம் விட்டார்கள், அவள் நிற்பதற்கல்ல, தாங்கள் ஒதுங்குவதற்கு. கொஞ்ச நேரத்தில் அற்றெண்டன் சிமியோன் ஓடிவந்து, "மேடத்துக்குக் கந்தோரிலை வைச்சிருக்கு" என்றான். போய்ப் பார்த்தால், அவளுடைய அலுவலக மேசையில் ஒரு கோப்பை, அதற்கு ஒரு மூடி, பக்கத்தில் கரண்டி. கோப்பைக்குள் குழையல். ஒருவரும் அவளை ஒதுக்கவில்லை. மரியாதைதான் செய்தார்கள். மேலிடத்து ஆளின் கையில் உருட்டி வைப்பது அழகில்லை என்பது அவர்களின் எண்ணம். அவள் கரண்டியால் ஒரு வாய் அள்ளிவிட்டு மூடியைத் திருப்பிப் போட்டாள்.

பாலேஸ்வரி மட்டும் சில நாட்கள் கந்தோருக்குள் எட்டிப் பார்த்து, "என்னடி பெரிய மனுசி?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அந்த ஒரு குரலுக்காக ஸ்ரெல்லா காலையிலிருந்து காத்திருப்பாள். அதுவும் அலுமாரி விசயத்தோடு போயிற்று.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் ஒளித்து வைக்காத ஆள் இல்லை. பொருளாதாரத் தடை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி, எது கிடைத்தாலும் நாளைக்கு இராது என்று அடுக்களைக்குள் பதுக்குவார்கள். வாட்டுகளிலும் அதே பழக்கம்தான். ஒவ்வொரு வாட்டிலும் பூட்டின அலுமாரி ஒன்று. சாவி பொறுப்பான தாதியின் இடுப்பில். சேலைன் இருக்கிறதா என்று பக்கத்து வாட்டு கேட்டால் கையை விரிப்பார்கள். அலுமாரிக்குள் இருக்கும். இதில் களவு ஒன்றும் இல்லை. தன் நோயாளிக்கு என்று ஒதுக்கி வைப்பதுதான் நல்ல தாதிக்கு இலட்சணம் என்று நினைத்தார்கள். பாலேஸ்வரி பிள்ளைகள் வாட்டுக்குப் பொறுப்பு. அவளுடைய அலுமாரிதான் எல்லாவற்றிலும் நிறைந்த அலுமாரி.

தொண்ணூற்றொன்றில் செல் குண்டு பட்டு வந்த ஒரு மனிதர் சேலைன் இல்லாமல் ஆண்கள் வாட்டில் செத்தார். மறுநாள் பெண்கள் வாட்டு அலுமாரியில் காலாவதியான போத்தல்கள் கிடந்ததை ஸ்ரெல்லா கண்டாள். எல்லா அலுமாரியையும் திறந்து, மருந்து முழுவதையும் ஒரே களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்லிக் கட்டளை போட்டாள். தேவைப்பட்ட வாட்டுக்குத் தேவைப்பட்ட நேரம் கொடுப்பது, பழையதை முதலில் கொடுப்பது. பாடப்புத்தகத்தில் படித்தது அதுதான், நியாயமும் அதுதான்.

பாலேஸ்வரி கந்தோருக்கு வந்து கதவைச் சாத்தினாள். "ஸ்ரெல்லா, என்ரை அலுமாரியை விட்டுவிடு. குஞ்சுகளுக்கு வயித்தாலை போனால் ஒரு மணித்தியாலம் தாங்காது. நீ களஞ்சியத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டு வாறதுக்குள்ளை முடிஞ்சிடும்."

"உன்ரை அலுமாரியை விட்டால் மற்றவை திறப்பினமோ? சிநேகிதிக்கு ஒண்டு, மற்றவைக்கு ஒண்டு எண்டு கதைப்பினம்."

"கதைச்சால் கதைக்கட்டுமே. அஞ்சு வருசம் நான் உனக்காக நிண்டனான். ஒண்டும் கேக்கேல்லை. உதை மட்டும் கேக்கிறன்."

ஸ்ரெல்லா தலையைக் குனிந்துகொண்டு, "ஏலாது பாலேஸ்" என்றாள். பாலேஸ்வரி இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஓம் மேடம்" என்றாள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து அவள் வாயில் நீயும் இல்லை, ஸ்ரெல்லாவும் இல்லை.

களஞ்சியம் நன்றாகத்தான் நடந்தது. எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். ஆனால் அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் காலையில் காயக்காரர் நிறையப் பேர் வந்து, இருந்த சேலைன் முழுவதும் அவர்களுக்கே போய்விட்டது. பின்னேரம் வயிற்றோட்டத்தோடு மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். களஞ்சியத்தில் ஒரு போத்தலும் இல்லை. சிமியோன் சைக்கிளில் பெரியாசுபத்திரிக்குப் போய் வாங்கிவருவதற்குள் பிள்ளை போய்விட்டது. பாலேஸ்வரி கந்தோருக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"பிள்ளை முடிஞ்சுது மேடம். கட்டில் வெறுமையாய் இருக்கு. பதிஞ்சுகொள்ளுங்கோ."

திட்டியிருக்கலாம். மேசையில் இருந்ததைத் தட்டி ஊத்தியிருக்கலாம். அதைத்தான் ஸ்ரெல்லா விரும்பினாள். தன் ஒழுங்கில் எங்கே ஓட்டை என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது: எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல் ஒரு பங்கை எப்போதும் கைவைக்காமல் வைத்திருக்க வேண்டும். தேவாலயத்தில் முழங்காலில் நின்று அழுதாள். அடுத்த நாளே ஒவ்வொரு வாட்டுக்கும் அவசரத்துக்கென்று கொஞ்சம் பிரித்துக் கொடுத்தாள். பிள்ளைகள் வாட்டுச் சாவியைத் தானே கொண்டுபோனாள். "பாலேஸ், நீ சொன்னது சரி. நான் பிழை விட்டிட்டன்" என்றாள். பாலேஸ்வரி அதை மேலதிகாரியிடம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நன்றி மேடம்" என்றாள். மன்னிப்புக் கேட்டவளுக்கு மரியாதை கிடைத்தது.

பிறகு நாலு வருசம். சொல்லப்போனால் அந்த நாலு வருசத்தில் ஆசுபத்திரி அவளால்தான் நின்றது. டொக்டர்மார் அவளைக் கேட்டுத்தான் நாள் குறித்தார்கள். பஞ்சலிங்கம் போகிற இடமெல்லாம் எங்கடை மேடம், எங்கடை மேடம் என்று புகழ்ந்தார். அவளோடு இருந்து கதைக்கத்தான் ஒரு ஆள் இல்லை. தாதிமார் அறையிலிருந்து சிரிப்புக் கேட்கும். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடும். அதனால் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். தொண்ணூற்று மூன்றில் தாயார் லூர்த்தம்மா மோசம் போனார். செத்தவீட்டுக்கு ஊழியர் எல்லோரும் வெள்ளை உடுப்போடு வரிசையாக வந்து மலர்வளையம் வைத்தார்கள். பாலேஸ்வரியும் அந்த வரிசையில் வந்து, அந்த வரிசையோடேயே போய்விட்டாள். வளையத்தில் 'ஆசுபத்திரி ஊழியர்' என்று எழுதியிருந்தது. ஸ்ரெல்லா தாயை நினைத்து அழுதாளா, அதைப் பார்த்து அழுதாளா என்பது அவளுக்கே தெரியாது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிகிற நேரம். ஆமி கிட்ட வந்துவிட்டது என்று, ஒலிபெருக்கி கட்டின வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாக எல்லோரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லிக்கொண்டு போனது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை வேறு. ஸ்ரெல்லாவுக்கு அழக்கூட நேரம் இல்லை. எந்த நோயாளி எந்த வண்டியில், எந்த மருந்து எந்தப் பெட்டியில், எந்தத் தாதி எந்த நோயாளியோடு என்று எல்லாவற்றையும் காலையிலேயே பிரித்துவிட்டாள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசுபத்திரி போடுவதாக ஏற்பாடு. இரண்டு உழவு இயந்திரங்கள் கிடைத்தன. அசைக்கவே கூடாத நோயாளிகள் நாலு பேரை மட்டும் அவற்றில் ஏற்ற முடியாது. யாராவது அம்புலன்ஸ் கொண்டு வரும்வரை ஒருவர் அவர்களோடு நிற்க வேண்டும். அம்புலன்ஸ் வருமா, வருவதற்குள் வேறென்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. "நான் நிக்கிறன்" என்றாள் ஸ்ரெல்லா. நிர்வாகி சொன்னால் சொன்னதுதான். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி வெளிக்கிடத் தயாராக நின்றது. மேலே படங்குத் துணி, கீழே பதினொரு பிள்ளைகள், நடுவில் பாலேஸ்வரி. இயந்திரத்தை ஸ்ரார்ட் பண்ணின பிறகு அவள் மழைக்குள் குதித்து இறங்கினாள். நேரே வந்து ஸ்ரெல்லாவின் முன்னால் நின்றாள். முகம் முழுவதும் தண்ணீர்.

"நானும் நிக்கட்டே?"

"என்ன கதை கதைக்கிறாய்? அங்கை உன்ரை பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள்."

"அவை ரெண்டு பேரும் தேப்பனோடை கைதடிக்குப் போட்டினம். உன்னைத் தனிய விட்டிட்டு எப்பிடியடி போறது? நிண்டுகொள் எண்டு ஒருக்காச் சொல்லு, ஸ்ரெல்லா. நீ சொன்னால் நான் திருப்பி ஏறமாட்டன்."

நாலு வருசமாக இந்தக் குரலுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். நீ என்கிறாள், அடி என்கிறாள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். நில் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இந்த வெறுமையான கட்டடத்தில் அவளுக்குத் துணை இருக்கும். நெஞ்சு முழுவதும் அந்தச் சொல்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்த பிள்ளைகளில் இரண்டுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஆடுகிற வண்டியில் அந்தச் சின்னக் கைகளில் ஊசி நழுவினால் திருப்பி ஏற்றத் தெரிந்த கை அந்த ஆசுபத்திரியில் ஒன்றே ஒன்றுதான். அது நிர்வாகிக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

"இல்லை பாலேஸ். நீ ஏறு."

"ஸ்ரெல்லா..."

"ஏறெண்டு சொல்லுறன் எல்லே. பிள்ளையள் நனையுதுகள்."

பாலேஸ்வரி அவளுடைய இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினாள். உழவு இயந்திரம் ஒழுங்கையால் திரும்பிச் சனத்துக்குள் கலந்தது. ஸ்ரெல்லா நனைந்த சீலையைப் பிழிந்துகொண்டு உள்ளே போனாள். வாட்டில் நாலு கட்டிலைத் தவிர மற்றதெல்லாம் வெறுமை.

யன்னலோரக் கட்டிலில் கிடந்த கிழவர் இன்னாசித்தம்பி, இடுப்பெலும்பு முறிந்தவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"ஆர் மிஸ்ஸி அது, மழைக்குள்ளை நிண்டு கதைச்சது?"

"என்ரை சிநேகிதி."

"நிக்கிறன் எண்டு சொன்னவ போலை கிடந்துது. ஏன் அவவை விட்டனீங்கள்?"

ஸ்ரெல்லா அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அங்கை அவ வேணும் ஐயா," என்றாள். "எனக்கும் வேணும். ஆனால் என்னைவிட அங்கைதான் கூட வேணும்."